நீல நிலா எங்கே நீலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரியில் கடைத்தெருவை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர் ஆந்திராவில், வீட்டில் பேசுவது தமிழ், கடையில் பேசுவது ஆளைப் பொறுத்து. 2023 ஆகஸ்ட் கடைசியில் "இன்று நீல நிலா, தவற விடாதீர்கள்" என்று தெரியாத்தனமாக வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டேன். அன்று ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர். மேகம் விலகி நிலா வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்முடு, நீலம் எக்கட?" என்று கேட்டார், தம்பி, நீலம் எங்கே என்று. அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும், கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நீல நிலா என்றால் என்ன, ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஒரே இங்கிலீஷ் மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதற்குப் பெயர் புளூ மூன், அதாவது நீல நிலா. இது இப்போது எல்லோரும் சொல்லும் அர்த்தம். இதற்கு முந்தைய அர்த்தம் வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

அப்போது நிலா நீலமாக இருக்காதா?

இருக்காது. வழக்கமான பௌர்ணமி நிலாதான், உதிக்கும்போது மஞ்சள், மேலே ஏறினால் வெள்ளை. வாட்ஸ்அப்பில் சுற்றும் கருநீல நிலாப் படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் சாயம் போட்டவை. எங்கள் ஊர்ப் பக்கம் நூலுக்குச் சாயம் போடுகிறவர்களே அவ்வளவு கெட்டியாகப் போட மாட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை 2018 ஜனவரி 31. அன்று நீல நிலா, கூடவே முழுச் சந்திர கிரகணம். சாயங்காலம் நிலா உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருந்தது, ஆறரை மணிக்கெல்லாம் முழு நிலாவும் செம்பு நிறத்துக்குப் போய்விட்டது. பேர் நீலம், நிறம் சிவப்பு.

இரண்டு பௌர்ணமி ஏன் வருகிறது? நிலா வேகமாகச் சுற்றுகிறதா?

நிலா எப்போதும் போலத்தான் சுற்றுகிறது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சராசரியாக 29.53 நாள். இங்கிலீஷ் மாதமோ 30 அல்லது 31 நாள். மாதத்தின் ஒன்றாம் தேதியோ இரண்டாம் தேதியோ பௌர்ணமி வந்துவிட்டால், மாதம் முடிவதற்குள் இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

வருஷக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். 12 பௌர்ணமிக்கு 354 நாளும் கொஞ்சமும் ஆகிறது. வருஷத்துக்கு 365 நாள். ஆண்டுக்குச் சுமார் 11 நாள் மிச்சம் விழுகிறது. சீட்டுப் பணம் மாதிரி அது சேர்ந்துகொண்டே போய், மூன்று வருஷம் முடிவதற்குள் ஒரு முழு நிலா மாதமாகத் திரண்டுவிடும். அந்த வருஷம் 12-க்குப் பதில் 13 பௌர்ணமி. 19 வருஷத்தில் 228 மாதம் இருக்கிறது, ஆனால் 235 பௌர்ணமி வருகிறது. அந்த உபரி ஏழுதான் இத்தனை பேச்சுக்கும் மூலம்.

பிப்ரவரியில் வருமா?

வராது. 28 நாளிலும் 29 நாளிலும் 29.53 நாளை அடைக்க முடியாது. சில வருஷம் பிப்ரவரியில் ஒரு பௌர்ணமிகூட இல்லாமல் போகும், அப்போது ஜனவரியிலும் மார்ச்சிலும் இரண்டிரண்டு வந்து ஒரே வருஷத்தில் இரண்டு நீல நிலா கிடைக்கும். 1999, 2018 இரண்டும் அப்படிப்பட்ட வருஷங்கள், அடுத்தது 2037. இடைவெளியைக் கழித்துப் பாருங்கள், மேலே சொன்ன 19 வரும்.

இது நம் அதிக மாசம் மாதிரி இருக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர். புளூ மூன் என்ற வார்த்தையே அவருக்கு அன்றுதான் அறிமுகம். கேட்ட மாத்திரத்தில் இதைப் பிடித்துவிட்டார். ஆமாம், கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று தமிழ் தினசரி காலண்டர், கிழிப்பது. இன்னொன்று தெலுங்கு மாதக் காலண்டர், திருப்புவது. தமிழ் மாதம் சூரியனை வைத்துப் போகிறது, சூரியன் அடுத்த ராசிக்குப் போனால் அடுத்த மாதம். தெலுங்கு மாதம் நிலாவை வைத்துப் போகிறது, அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடியும். அதனால் அவர்களுக்கு வருஷத்துக்கு அந்த 11 நாள் குறைந்துகொண்டே வரும். அப்படியே விட்டால் உகாதி பின்வாங்கிப் பின்வாங்கி மார்கழிக் குளிரில் போய் நிற்கும். அதைத் தடுக்கத்தான் சுமார் முப்பத்திரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மாதத்தை இரண்டு தடவை எண்ணுகிறார்கள். எந்த நிலா மாதத்துக்குள் சூரியன் ராசி மாறவில்லையோ அது அதிக மாசம், அதை அடுத்து வருவது நிஜ மாசம். 19 வருஷத்தில் ஏழு தடவை. மேலே சொன்ன அதே ஏழு.

2023-ல் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 16 வரை தெலுங்குக்காரர்களுக்கு அதிக சிராவணம். அதே சமயத்தில் நம் தமிழ் காலண்டரில் ஆடி 1-ஆம் தேதி ஒரு அமாவாசை, ஆடி 31-ஆம் தேதி இன்னொரு அமாவாசை. எந்த அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பது என்று எங்கள் தெருவில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. பெரும்பாலோர் கடைசியில் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வியாபாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆஷாடத்தில் தெலுங்குக் கல்யாணம் கிடையாது, அது முடிந்து சிராவணம் வந்தால் முகூர்த்தம் களைகட்டும், சேலைக்கு ஆர்டர் வரும். அந்த வருஷம் ஆஷாடம் முடிந்ததும் அதிக சிராவணம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதம் தொடர்ந்து முகூர்த்தம் இல்லை. பத்திரிகை அடிக்க மாதிரி காட்டி ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள்கூட என் கடைக்கு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அதிக சிராவணப் பௌர்ணமிதான் ஆகஸ்டின் முதல் பௌர்ணமி. நிஜ சிராவணப் பௌர்ணமிதான் ஆகஸ்ட் 31, அதாவது நான் ஸ்டேட்டஸ் வைத்து மாட்டிக்கொண்ட நீல நிலா.

திருமலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அதிக மாசம் வரும் வருஷத்தில் அங்கே பிரம்மோற்சவம் இரண்டு தடவை நடக்கும். 2023-ல் செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் நவராத்திரியோடு ஒன்று. எங்கள் ஊரில் பல பேருக்குப் பதிமூன்றாவது பௌர்ணமி தெரியாது, இரண்டாவது பிரம்மோற்சவம் தெரியும். இரண்டையும் கொண்டு வருவது ஒரே மிச்சம்தான்.

தமிழ் மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் அதுவும் நீல நிலாவா?

இல்லை, அந்தப் பெயர் இங்கிலீஷ் காலண்டருக்குச் சொந்தம். நம் பஞ்சாங்கத்தில் ஒரு மாதத்துக்குள் இரண்டு அமாவாசையோ இரண்டு பௌர்ணமியோ வந்தால் அதை மல மாதம் என்று சொல்லிச் சுபகாரியத்தைத் தள்ளி வைப்பார்கள். அவர்கள் ஊரில் கூடுதலாக வந்த நிலாவுக்கு அழகாக ஒரு பெயர் வைத்து மாடி ஏறுகிறார்கள், நாம் கல்யாணத்தை நிறுத்துகிறோம். எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதலில் யார் "நீல நிலா" என்று சொன்னார்கள்?

இங்கிலீஷில் 1528-ல் வந்த ஒரு துண்டு நூலில் இந்தப் பேச்சு இருக்கிறது. பாதிரிமார்களைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. நிலா நீலம் என்று அவர்கள் சொன்னால் நாமும் உண்மை என்று நம்பித்தான் ஆகவேண்டும், என்று போகிறது. காக்கா வெள்ளை என்று முதலாளி சொன்னால் ஆமாம் போடுவது மாதிரி. ஆக ஆரம்பத்தில் நீல நிலா என்றால் நடக்கவே நடக்காத விஷயம், அபத்தம்.

அப்புறம் நாளாக ஆக அர்த்தம் இளகிவிட்டது. 1821-ல் லண்டன் வாழ்க்கையைப் பற்றி வந்த ஒரு புத்தகத்தில், உன்னைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றே என்ற பொருளில் நீல நிலா வருகிறது. நடக்காதது என்பது மாறி, எப்போதாவது நடப்பது என்று ஆகிவிட்டது.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தமிழில் முயற்கொம்பு என்கிறோமே, முயலுக்கு எங்கே கொம்பு? இல்லாத பொருளைச் சொல்லப் பிறந்த வார்த்தை. இன்றைக்கு "நல்ல தறி மெக்கானிக் கிடைப்பது முயற்கொம்பாக இருக்கிறது" என்று சாதாரணமாகச் சொல்கிறோம், கிடைப்பது கஷ்டம் என்றுதான் அர்த்தம், கிடைக்கவே மாட்டார் என்று இல்லை. இங்கிலீஷ்காரன் நீல நிலாவுக்குச் செய்ததை நாம் முயலின் கொம்புக்குச் செய்திருக்கிறோம். அந்த முயலையும் நம் ஆட்கள் நிலாவில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

பழைய ஆங்கிலத்தில் துரோகி நிலா என்று ஒரு வார்த்தை இருந்தது, அதுதான் திரிந்து நீலம் ஆனது என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது, விட்டுவிடலாம்.

அப்படியானால் மாதத்தில் இரண்டாவது பௌர்ணமி என்ற அர்த்தம் எங்கிருந்து வந்தது?

ஒரு தப்பிலிருந்து. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து விவசாயிகளுக்கான ஒரு பஞ்சாங்கம் வந்துகொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பெயர். வருஷத்தை நான்கு பருவமாகப் பிரித்தால் பருவத்துக்கு மூன்று பௌர்ணமி. எப்போதாவது ஒரு பருவத்தில் நான்கு வந்துவிடும். அப்போது மூன்றாவதை நீல நிலா என்று குறிப்பார்கள். நான்காவதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். பருவத்தின் முதல் நிலாவுக்கும் கடைசி நிலாவுக்கும் பண்டிகையோடு ஒட்டிய பெயர்கள் உண்டு, ஈஸ்டருக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று, இப்படி. அவற்றை நகர்த்தினால் பண்டிகை குழம்பும். அதனால் உபரியை நடுவில் செருகிவிட்டார்கள். அதிக மாசம் போட்டு உகாதியைக் காப்பாற்றுகிறார்களே, அதே புத்தி.

1937-ஆம் வருஷப் பஞ்சாங்கத்தில் ஆகஸ்ட் 21 நீல நிலா என்று போட்டிருந்தது. 21-ஆம் தேதி என்பதைக் கவனியுங்கள், அது அந்த மாதத்தின் இரண்டாவது பௌர்ணமியாக இருக்கவே முடியாது. 1943-ல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' என்ற வானியல் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியில் இந்தப் பஞ்சாங்கத்தைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. 1946 மார்ச்சில் அதே பத்திரிகையில் ஜேம்ஸ் ஹியூ புரூட் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கையில் பழைய பஞ்சாங்கம் இல்லை, அந்தக் குறிப்பு மட்டும்தான் இருந்தது. 19 வருஷத்தில் ஏழு தடவை 13 பௌர்ணமி வருகிறது, அப்படியென்றால் 11 மாதத்துக்கு ஒவ்வொன்று, ஒரு மாதத்துக்கு இரண்டு, அந்த இரண்டாவதுதான் நீல நிலாவாக இருக்கும் என்று அவராகக் கணக்குப் போட்டார். பாவம், தன் ஊகம் என்று சொல்லித்தான் எழுதினார். படித்தவர்கள் ஊகத்தை உதறிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறமும் அது பெரிதாகப் பரவாமல்தான் கிடந்தது. 1980 ஜனவரியில் ஓர் அமெரிக்க ரேடியோ நிகழ்ச்சி இந்த அர்த்தத்தைச் சொன்னது. 1986-ல் டிரிவியல் பர்ஸூட் என்ற வினாடி வினா விளையாட்டுச் சீட்டில் ஏறியது. பிறகு யார் தடுக்க முடியும்? 1999-ல் அதே பத்திரிகை பழைய பஞ்சாங்கங்களைத் தேடிப் பிடித்து, ஐயா, தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டு எழுதியது. அந்த வருஷமே இரண்டு நீல நிலா, உலகமே தப்பான அர்த்தத்தில் கொண்டாடிக்கொண்டிருந்தது. தப்பு ஜெயித்துவிட்டது. என்னைக் கேட்டால், எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அதுதான் அர்த்தம், வார்த்தைக்கு வேறு பட்டா கிடையாது.

ஆகஸ்ட் 19, 2024-லும் நீல நிலா என்றார்களே, அந்த மாதம் ஒரே பௌர்ணமிதானே?

அது பழைய கணக்கு. அந்தப் பருவத்தில் நான்கு பௌர்ணமி, அது மூன்றாவது. இரண்டு கணக்கும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, செய்திக்காரர்களுக்கு இரட்டை லாபம்.

நிஜமாகவே நீலமாக நிலா தெரிந்ததே இல்லையா?

தெரிந்திருக்கிறது. அதற்கும் காலண்டருக்கும் சம்பந்தமே இல்லை, காற்றில் இருக்கும் தூசிதான் காரணம்.

1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் இந்தோனேசியப் பக்கம் கிரகடோவா எரிமலை வெடித்தது. 36,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதன் சாம்பலும் புகையும் வானத்தில் ஏறி உலகத்தையே சுற்றி வந்தன. பல நாடுகளில் நிலா நீலமாகவும் பச்சையாகவும் தெரிந்தது. இதில் நமக்கும் பங்கு உண்டு. அந்த செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அப்போது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துப் பதிவு செய்தார். பிற்பாடு கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தை உருவாக்கியவர் இவர்தான். நகரிக்கும் சென்னைக்கும் நூறு கிலோமீட்டர் சொச்சம். அந்தப் பச்சைச் சூரியனைப் பார்த்து எங்கள் ஊர்க் கிழவிகள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

1950 செப்டம்பரில் கனடாவில் பெரிய காட்டுத் தீ. அந்தப் புகை கடல் தாண்டி ஸ்காட்லாந்து வரை போய், அங்கே சூரியனும் நிலாவும் நீலமாகத் தெரிந்தன.

ஊரில் குப்பை கொளுத்துகிறார்கள், போகியன்று புகை மூடுகிறது. அப்போது ஏன் நீலமாகவில்லை?

ஏனென்றால் நம் புகை கலப்படம். சாதாரணமாகக் காற்றில் இருக்கும் மிகப் பொடியான துகள்கள் நீல ஒளியைச் சிதற அடிக்கும், சிவப்பைக் கடக்க விடும், அதனால்தான் அஸ்தமனம் சிவப்பு. இதையே தலைகீழாக்க வேண்டுமானால் துகள் சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுமார் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ரவை சலிக்கிற சல்லடையில் கண் எல்லாம் ஒரே அளவு என்பதால்தான் ரவை ஒரே சீராக விழுகிறது, கிழிந்த சல்லடையில் எல்லாம் கலந்து விழும். போகிப் புகையில் டயர், பாய், துணி, ஈர இலை எல்லாம் சேர்ந்து பொடியும் கட்டியுமாகத் துகள் வரும். கடைசியில் நிலா அழுக்குச் சிவப்பாகத்தான் தெரியும். ஒரே அளவுத் துகள் இத்தனை திரள்வது அபூர்வம். 'எப்போதாவது நடப்பது' என்ற அர்த்தத்துக்கு நியாயமான சொந்தக்காரன் இந்த நிஜ நீல நிலாதான், காலண்டர்க்காரன் இல்லை.

தமிழில் இதற்குச் சரியான சொல் என்ன?

வானத்து விஷயத்துக்கு நீல நிலா போதும். மரபுத் தொடராக, 'எப்போதாவது' என்று சொல்வதற்கு யாராவது "நீல நிலாவில் ஒரு முறை" என்று மொழிபெயர்த்தால் எனக்குப் பல் கூசும். அத்தி பூத்தாற்போல் என்று அழகாக இருக்கிறது, அத்தியின் பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படாது. அதைவிடப் பொருத்தம், ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கில் "அமாசகோ புன்னானிகோ" என்பார், அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ என்று அர்த்தம். மகன் ஐதராபாத்திலிருந்து எப்போது வருவான் என்று கேட்டால் இதுதான் பதில். நிலாவை வைத்து அபூர்வத்தைச் சொல்ல நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. என்ன, ஆடியில் இரண்டு அமாவாசை வந்த 2023-ல் அந்தப் பழமொழிக்கு மதிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது.

நீல நிலா அன்று கெடுதல் ஏதாவது உண்டா? அலை அதிகமாக வருமா?

எல்லாப் பௌர்ணமிக்கும் கடலில் எழும் அலைதான். பெயரால் கூடாது, குறையாது. 2023 ஆகஸ்டில் நிலா பூமிக்குச் சுமார் 3,57,000 கிலோமீட்டர் வரை நெருங்கி வந்ததால் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, அது வேறு விஷயம், நீலத்தால் வந்தது இல்லை.

அடுத்து எப்போது என்று குறித்துக்கொள்ள வேண்டும்?

2026-ல் மே 1 இரவு ஒரு பௌர்ணமி, மே 31 ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது. தெலுங்குக் காலண்டரில் அது அதிக ஜேஷ்டம், அதனால் இரண்டு கணக்கும் ஒரே நாளில் வந்து கைகுலுக்குகின்றன. ஆனால் நிலா அன்று தொலைவில் இருக்கும், அந்த வருஷத்திலேயே சின்னப் பௌர்ணமி அதுதான், பெரிய எதிர்பார்ப்போடு மாடி ஏறாதீர்கள். 2027 மே 20 பழைய பருவக் கணக்குப்படி ஒன்று.

நல்லது 2028 டிசம்பர் 31. அன்று நீல நிலா, அதோடு முழுச் சந்திர கிரகணம், ராத்திரி ஒன்பதே முக்காலிலிருந்து பதினொரு மணி வரை நிலா சிவப்பாக நிற்கும். புது வருஷத்துக்குக் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினால் கிரகணத்துக்காக நடை சாத்தியிருப்பார்கள், ஆனால் காளஹஸ்தியில் திறந்திருக்கும், அங்கே கிரகணத்திலும் பூஜை உண்டு. நான் மாடியில்தான் இருப்பேன். ஸ்டேட்டஸ் மட்டும் வைக்க மாட்டேன், அக்கா மறுபடி நீலம் எக்கட என்பார்.